சோதனைக் குழாயிலிருந்து தொடர் உணரி வரை: தமிழ்நாட்டில் இரத்தச் சர்க்கரை அளவீட்டின் வரலாறும் உத்தனப்பள்ளிப் பகுதிக்கு அதன் பொருத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

நீரிழிவு நோயை அறியவும் கட்டுப்படுத்தவும் பயன்படும் அளவீட்டு முறைகள் கடந்த நூறாண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. சிறுநீர்ச் சோதனை, இரத்தச் சோதனை, விரல்நுனிச் சோதனை, மும்மாதச் சராசரி, தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு என இம்மாற்றங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இவ்வரிசையைத் தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு கருவியின் துல்லியம் அக்கருவிக்குள் மட்டும் அடங்குவதன்று. எந்த முடிவை எடுக்க அக்கருவி பயன்படுகிறது என்பதையும் பொறுத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உத்தனப்பள்ளிப் பகுதி வேளாண்மையிலிருந்து ஆலைத்தொழிலுக்கு மாறிவருவதால் இக்கேள்வி அங்குக் கூர்மை பெறுகிறது.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு, அளவீட்டுத் துல்லியம், மக்களைத் தேடி மருத்துவம், ஷிப்டு வேலை, உத்தனப்பள்ளி.

முன்னுரை

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ளது உத்தனப்பள்ளி. சூளகிரி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றித் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்குகின்றன. ராகி, தக்காளி, ரோசா முதலியவை விளையும் இந்நிலப்பகுதிக்கு அண்மையில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. அண்மை ஆண்டுகளில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இப்பகுதியில் அமைந்தது. 2023ஆம் ஆண்டில் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளின் விவசாயிகள் புதிய சிப்காட்டுக்கான நிலமெடுப்பை எதிர்த்துத் தொடர் போராட்டம் நடத்தினர். நிலம் குறித்த இவ்வழக்கு ஒருபுறமிருக்க, உடல் குறித்த மாற்றம் ஒன்றும் இங்கு நிகழ்கிறது. வெயிலோடு எழுந்து வெயிலோடு அடங்கிய வேலைநாள், சங்கொலிக்கும் ஷிப்டுக்கும் கட்டுப்பட்ட வேலைநாளாகிறது. உணவும் உறக்கமும் நேரம் மாறுகின்றன.

தமிழ்நாட்டில் நீரிழிவின் பரவல் பெரிது. 2011இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வின் முதற்கட்ட முடிவு மாநிலத்தில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. அதே ஆய்வின் 2023ஆம் ஆண்டு வெளியீட்டில் இவ்வளவு 14.4 விழுக்காடாக இருந்தது. தமிழ்நாடு அரசின் 2020ஆம் ஆண்டு ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு 17.6 விழுக்காடு எனவும், நீரிழிவு உள்ளோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாகவும் கண்டது. இக்கணக்கெடுப்புகளின் முறைகள் வேறுபடுவதால் இவ்வெண்களை நேர்கோட்டு வளர்ச்சியாகக் கொள்ளலாகாது. எனினும் ‘கட்டுக்குள் இருத்தல்’ என்பதை எந்த அளவுகோலால் அறிவது என்னும் கேள்வி இவ்வெண்கள் அனைத்துக்கும் அடியில் உள்ளது. அவ்வளவுகோலின் வரலாற்றை இனிக் காணலாம்.

1. சிறுநீரில் தொடங்கிய அறிதல்

நோயாளியின் சிறுநீர் இனிப்பதையும் அதனை எறும்பு மொய்ப்பதையும் இந்திய மருத்துவ நூல்கள் பழங்காலத்திலேயே குறித்தன. நீரிழிவு, மதுமேகம் எனத் தமிழ் மருத்துவ மரபில் வழங்கும் பெயர்களும் இந்த அறிதலைச் சுமந்துள்ளன. நீரிழிவு என்னும் சொல் நீர் மிகுதியாகக் கழிதலையும், மதுமேகம் என்னும் சொல் அந்நீரின் இனிப்பையும் சுட்டும். ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் 1674இல் இவ்வினிப்பைப் பதிவு செய்தார். 1776இல் மாத்யூ டாப்சன் அவ்வினிப்பு சர்க்கரையே என்றும், இரத்த நீரும் இனிப்பதையும் காட்டினார்.

1908இல் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய கரைசல் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுதும் உலகெங்கும் பயன்பட்டது. சோதனைக் குழாயில் நீலக் கரைசலுடன் சில துளிச் சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் எனக் கரைசல் மாறும். மலிவானது, சாராய விளக்கு ஒன்றிருந்தால் வீட்டிலும் செய்யலாம். இம்முறையின் வரம்புகள் இரண்டு. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி./டெ.லி. அளவைக் கடந்த பின்னரே சிறுநீரில் சர்க்கரை இறங்கும். ஆகவே நீலநிறம் ‘நலம்’ என்பதற்கும் ‘தாழ்சர்க்கரை’ என்பதற்கும் இடையே வேறுபாடு காட்டாது. அடுத்ததாக, பைக்குள் தேங்கிய சிறுநீர் கடந்த சில மணிநேரத்தின் செய்தியையே தரும். இந்த நொடியின் நிலையைத் தராது.

2. சென்னையில் உருவான நீரிழிவியல்

இந்தியாவில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு முதன்முதலில் அமைந்த இடமாகச் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனை குறிப்பிடப்படுகிறது. 1948இல் எம். விசுவநாதன் அங்கு அப்பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனையையும் நிறுவினார். பொது மருத்துவத்தின் ஒரு கிளையாகக் கருதப்பட்ட நோய், தனக்கென ஆய்வகமும் உணவுமுறை அறிவுரையும் பதிவேடும் கொண்ட துறையாக இங்கு வளர்ந்தது. அவர் மகன் வி. மோகனும் ரேமா மோகனும் 1991இல் தொடங்கிய சிகிச்சை மையமும், 1996இல் உருவான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் மக்கள்தொகை ஆய்வுகளுக்கு வழிவகுத்தன. மேற்சுட்டிய இந்தியாப் ஆய்வு இம்மரபின் தொடர்ச்சியாகும்.

அளவீட்டு வரலாற்றில் இதனினும் கருதத்தக்கது, சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவியலை வளர்த்த வி. சேஷய்யாவின் பங்களிப்பாகும். கருவுற்ற பெண்களுக்கு ஏற்படும் நீரிழிவைக் கண்டறிய வெறும் வயிற்றில் வரச்செய்து பலமுறை இரத்தம் எடுப்பது உலக வழக்கம். தொலைவூர்களிலிருந்து பேருந்தில் வரும் பெண்கள் உண்ணாமல் வருவதும், ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவதும் அரிது. இதனைக் கண்ட சேஷய்யா, உணவருந்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணிநேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுக்கும் முறையை முன்வைத்தார். 140 மி.கி./டெ.லி. அளவை எட்டினால் நீரிழிவு எனக் கொள்ளப்பட்டது. 2007இல் தமிழ்நாடு அரசு கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் நீரிழிவுச் சோதனையைக் கட்டாயமாக்கியபோது இம்முறையே பயன்பாட்டுக்கு வந்தது.

இம்முறை சென்னையிலேயே கேள்விக்குள்ளானது. வெறும் வயிற்றுச் சோதனையோடு ஒப்பிடுகையில், உண்டபின் செய்யும் ஒருமுறைச் சோதனை நோயுள்ளோர் பலரைத் தவறவிடுகிறது எனச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினரின் ஆய்வு 2014இல் சுட்டியது. ஒரு சாரார், வராத பெண்ணுக்குச் செய்யப்படாத சோதனையின் துல்லியம் சுழியமே என்றனர். மறு சாரார், வந்த பெண்ணை ‘நோயில்லை’ எனத் திருப்பி அனுப்பும் சோதனை பொய்யான ஆறுதல் தரும் என்றனர். இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று முறியடிக்கவில்லை. எந்தச் சோதனையின் துல்லியமும் எத்தனை பேரை எட்டுகிறது என்பதிலிருந்து பிரிக்க முடியாதது என்பதை இவ்விவாதம் நிறுவியது. தொடர் கண்காணிப்புக் கருவி குறித்த இன்றைய விவாதத்துக்கும் இதுவே முன்னோடி.

3. விரல்நுனித் துளியும் கிராமத்து வாசலும்

1965இல் ஏம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ்’ பட்டை, இரத்தத் துளியிலிருந்து நேரே சர்க்கரையை மதிப்பிட வைத்தது. துளியைப் பட்டையில் இட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, நீரால் கழுவி, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1970 வாக்கில் அந்நிறத்தை ஒளியால் அளக்கும் மீட்டர் வந்தது. பின்னர் நொதி மின்முனையால் மின்னோட்டத்தை அளக்கும் சிறு கருவியாக அது சுருங்கியது. 1993இல் வெளியான அமெரிக்காவின் டி.சி.சி.டி. ஆய்வு, முதல்வகை நீரிழிவில் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு குறையும் என நிறுவியபின், வீட்டில் அளத்தல் சிகிச்சையின் பகுதியாயிற்று.

இக்கருவி கிருஷ்ணகிரிக்கு அரசுத் திட்டமாக வந்த நாள் 2021 ஆகஸ்ட் 5 ஆகும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கி வைத்தார். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து தருவது இதன் மையம். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு விருது இத்திட்டத்துக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டே, பணியிடங்களுக்குச் சென்று சோதிக்கும் ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் தொடங்கியது.

வாசலில் எடுக்கும் துளிக்கும் துல்லிய வரம்பு உண்டு. ஐ.எஸ்.ஓ. 15197 தரத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100 மி.கி.க்குக் கீழே 15 மி.கி. வரையும், அதற்கு மேல் 15 விழுக்காடு வரையும் விலகல் ஏற்கப்படும். நூறு அளவீடுகளில் 95 இவ்வரம்புக்குள் இருந்தால் போதும். ஆகவே உண்மையில் 200 உள்ள ஒருவருக்குக் கருவி 170 என்றோ 230 என்றோ காட்டினும் அது தரத்துக்கு உட்பட்டதே. இதற்கு மேல் களத்தின் காரணிகள் சேரும். பெரும்பாலான பட்டைகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கலாகாது என்பர். கோடையில் தன்னார்வலரின் பை அதனினும் வெப்பமாகும். பழம் தொட்ட விரலைக் கழுவாமல் துளி எடுத்தால் தோலில் ஒட்டிய சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையாகக் கணக்கில் ஏறும். மாம்பழமும் மாங்கூழும் பிழைப்பாக உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது சிறு செய்தியன்று. இரத்தச்சோகையால் சிவப்பணு குறைந்தோருக்குப் பல மீட்டர்கள் மெய்யளவினும் கூடுதலாகக் காட்டும்.

இரத்தச்சோகை மும்மாதச் சராசரியையும் திரிக்கும். சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதே எச்.பி.ஏ.1.சி. சோதனை. 1960களின் இறுதியில் சாமுவேல் ரஹ்பர் நீரிழிவில் இவ்வகை ஹீமோகுளோபின் மிகுவதைக் கண்டார். ஏ1சி 7 விழுக்காடு என்றால் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 154 மி.கி. என 2008இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சமன்பாடு தந்தது. ஆனால் இரும்புச்சத்துக் குறைபாடு ஏ1சியை உயர்த்திக் காட்டும். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நிலைகள் தாழ்த்திக் காட்டும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. இளம்பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தும் மின்னணு ஆலைகள் சூழ்ந்த பகுதியில், ஏ1சி என்னும் ஒற்றை எண்ணை மட்டும் நம்புவது எச்சரிக்கைக்குரியது.

4. தொடர் உணரி: எதை அளக்கிறது?

1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனையே தொடர் உணரியின் வித்து. 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதல் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவிக்கு ஒப்புதல் அளித்தது. மினிமெட் நிறுவனத்தின் அக்கருவி மூன்று நாள் அளந்தது. நோயாளி எண்ணைக் காண இயலாது. மருத்துவரே பின்னர்ப் பதிவிறக்கிக் காண்பார். விரல்நுனித் துளியோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதும் தேவைப்பட்டது. 2014இல் ஐரோப்பாவில் வந்த ஃபிரீஸ்டைல் லிப்ரே அச்சரிசெய்தலை நீக்கியது. மருத்துவர் பயன்பாட்டுக்கான லிப்ரே புரோ 2015இல் இந்தியாவில் அறிமுகமானது. மேற்கையில் ஒட்டும் நாணயமளவு உணரி 14 நாள்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவிடும். நாளொன்றுக்கு 96, மொத்தம் 1,344 அளவுகள்.

உணரி இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உயிரணுக்களுக்கிடையே உள்ள நீர்மத்தின் குளுக்கோசை அளக்கிறது. இரத்தத்திலிருந்து அந்நீர்மத்துக்குச் சர்க்கரை செல்லச் சில நிமிடங்களாகும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது இத்தாமதம் பொருட்டன்று. நிமிடத்துக்கு 2 மி.கி. வீதம் இறங்கும்போது எட்டு நிமிடத் தாமதம் 16 மி.கி. பிழையாகும். இரத்தத்தில் 66 ஆகிவிட்ட வேளையில் உணரி 82 எனக் காட்டி நலம் என்று சொல்லும்.

துல்லியத்தை ஓர் எண்ணில் சொல்லச் சராசரிச் சார்பு விலகல் என்னும் அளவை வழக்கில் உள்ளது. ஆய்வக அளவுக்கும் உணரி அளவுக்கும் உள்ள விலகலை விழுக்காடாக்கி, குறி நீக்கிச் சராசரி காண்பதே அது. லிப்ரேயின் முதல் தலைமுறைக்கு 2015இல் வெளியான ஆய்வில் இது 11.4 விழுக்காடு. ஆனால் 65 உள்ளதை 75 எனக் காட்டும் பிழையும் 250 உள்ளதை 290 எனக் காட்டும் பிழையும் விழுக்காட்டில் ஏறத்தாழ ஒன்றே. முன்னது தாழ்சர்க்கரையை மறைக்கும். பின்னது சிகிச்சையைப் பெரிதும் மாற்றாது. இதனை உணர்ந்தே 1987இல் வெளியான கிளார்க் பிழைக்கட்டம், பிழையின் அளவை விடுத்து அதன் விளைவைக் கொண்டு அளவீடுகளை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தது. அமெரிக்க நிர்வாகம் 2018இல் வகுத்த நெறியும், சர்க்கரை தாழ்ந்தும் இயல்பாகவும் உயர்ந்தும் உள்ள நிலைகளுக்குத் தனித்தனி வரம்பு வைத்து, மொத்தத்தில் 87 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அளவுகள் 20 விழுக்காடு விலகலுக்குள் அமைய வேண்டும் என்றது.

2019ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஒருமித்த கருத்து, பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளின் 70 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 17 மணிநேரம், சர்க்கரை 70 முதல் 180க்குள் இருக்க வேண்டும் என்றது. 70க்குக் கீழே 4 விழுக்காட்டுக்கும், 54க்குக் கீழே 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றது. இவ்வெண்களைக் கருவியின் இயல்போடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். உணரி ஒட்டிய கையின்மேல் சாய்ந்து உறங்கினால், அழுத்தத்தால் அளவு பொய்யாகத் தாழும். இவ்வாறு நாளொன்றுக்கு ஒரு மணிநேரம், அதாவது நான்கு அளவுகள் தாழ்ந்தாலே 4 விழுக்காட்டு வரம்பு கடந்துவிடும். நோயாளிக்கு இல்லாத தாழ்சர்க்கரைக்காக மருந்து குறைக்கப்படலாம். உறங்கிய நேரத்தைக் கேட்டறியாமல் வரைபடத்தைப் படிப்பவர் இப்பிழையில் வீழ்வார். சில உணரிகளில் பாராசிட்டமாலும், சிலவற்றில் மிகுதியான வைட்டமின் சியும் அளவை உயர்த்திக் காட்டுவதும் கருதத்தக்கது.

5. சோற்றுத் தட்டும் ஷிப்டு நேரமும்

தமிழ்நாட்டில் இக்கருவி நோயாளிக்கு மட்டுமன்றி உணவு ஆய்வுக்கும் பயன்பட்டது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எடை மிகுந்த 15 பேருக்கு வெள்ளையரிசி, பழுப்பரிசி, பயறு சேர்த்த பழுப்பரிசி ஆகிய உணவுகள் மாறிமாறி ஐந்தைந்து நாள் தரப்பட்டு, தொடர் உணரியால் அளக்கப்பட்டது. வெள்ளையரிசியை நோக்கப் பழுப்பரிசியால் சர்க்கரை ஏற்றத்தின் பரப்பு 19.8 விழுக்காடும், பயறு சேர்த்தபோது 22.9 விழுக்காடும் குறைந்தது. ஒரே நபர் தம்மோடு தாமே ஒப்பிடப்படுவதால் உணரியின் நிலையான பிழை இருபுறமும் பெரிதும் ஈடாகிவிடுகிறது. தனித்த ஓர் எண்ணுக்குப் போதாத துல்லியம், போக்கை ஒப்பிடப் போதுமானதாகும் என்பதற்கு இது சான்று.

உத்தனப்பள்ளிப் பகுதிக்கு இச்சான்று நேரே பொருந்தும். வெறும் வயிற்றுச் சோதனை என்பது குறைந்தது எட்டு மணிநேரம் உண்ணாத நிலையைக் குறிக்கும். இரவு ஷிப்டில் நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கு உண்ட தொழிலாளி, காலை ஏழு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரத்தம் அவ்வரையறைக்குள் வராது. பகலில் உறங்கும் அவர் வாசலுக்கு வரும் தன்னார்வலரிடம் தரும் துளியும் எந்த வேளையைச் சேர்ந்தது எனத் தெளிவாகாது. பகல் ஷிப்டு வாரத்தில் களியும் கீரையும் வீட்டில் உண்பவர், இரவு ஷிப்டு வாரத்தில் ஆலை உணவகத்தில் சோறு உண்ணலாம். ஏ1சி இவ்விரு வாரங்களையும் ஒரே சராசரியில் கலந்துவிடும். 154 என்னும் சராசரி, நாள் முழுதும் 154ஐ ஒட்டி இருப்பவருக்கும், 60க்கும் 280க்கும் இடையே ஊசலாடுபவருக்கும் ஒன்றே.

இன்சுலினோ சல்பனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் ஷிப்டு மாறும்போது மருந்து நேரத்தை மாற்றாவிடில், தாழ்சர்க்கரை எந்திரத்தின் முன்னிலேயே நேரக்கூடும். பகல் ஷிப்டு ஒரு வாரமும் இரவு ஷிப்டு ஒரு வாரமுமாக 14 நாள் உணரியை ஒருமுறை ஒட்டி, உணவு, உறக்கம், மருந்து நேரங்களைக் குறிப்பேட்டில் பதிந்து, இரண்டு வாரங்களையும் ஒப்பிட்டால் இவ்விடர் எங்குள்ளது எனக் காணலாம். உடனுக்குடன் எச்சரிக்கும் பணியை மருத்துவர் பின்னர்ப் படிக்கும் இவ்வகை உணரி செய்யாது. அதனை அதனிடம் எதிர்பார்ப்பதும் தவறு. சிகிச்சையைச் சீரமைக்கும் பணிக்கு அது போதும். ஐயத்துக்குரிய தாழ்வளவை விரல்நுனித் துளியால் உறுதி செய்தல் வேண்டும். இரத்தச்சோகை உள்ளோரில் உணரி காட்டும் சராசரியும் ஏ1சியும் முரண்பட்டால், ஏ1சியையே முதலில் ஐயுறல் தகும்.

முடிவுரை

பெனடிக்ட் கரைசல் கடந்த சில மணிநேரத்தையும், விரல்நுனித் துளி ஒரு நொடியையும், ஏ1சி மூன்று மாதத்தையும், தொடர் உணரி இரண்டு வாரத்தின் ஒவ்வொரு கால்மணியையும் காட்டின. பின்வந்தது முன்னதை நீக்கிவிடவில்லை. உணரி நோயாளியின் உடலுக்குள் நீண்ட நேரம் பார்த்தாலும், நோயாளிகளின் கூட்டத்துக்குள் அதன் எட்டுதல் குறைவு. வாசலுக்கு வரும் குளுக்கோமீட்டரின் எட்டுதல் பெரிது, பார்வை குறுகியது.

சேஷய்யாவின் ஒருமுறைச் சோதனை எழுப்பிய விவாதம் இங்குப் பயன்படும். எல்லோருக்கும் உணரி என்பது இன்று நடைமுறையன்று. வசதியுள்ளோர்க்கு மட்டும் உணரி என்பது பொதுமருத்துவத்துக்கு ஒவ்வாது. மக்களைத் தேடியும் தொழிலாளர்களைத் தேடியும் செல்லும் திட்டங்கள் அளவோடு வேளையையும் பதிவு செய்வது முதற்படியாகும். கடைசியாக உண்ட நேரம், உறங்கிய நேரம், ஷிப்டு ஆகிய மூன்றும் குறிக்கப்பட்டால், இன்றுள்ள குளுக்கோமீட்டரின் எண்ணே கூடுதல் பொருள் தரும். ஷிப்டு மாறி உழைப்போர், இன்சுலின் எடுப்போர், இரத்தச்சோகை உள்ளோர், கருவுற்றோர் ஆகியோருள் ஐயத்துக்குரியோரைத் தேர்ந்து, மாவட்ட அரசு மருத்துவமனையிலிருந்து 14 நாள் உணரியை ஒருமுறை தருவது அடுத்த படியாகும். உத்தனப்பள்ளி போன்ற எல்லைத் தொழிற்பகுதிகளில் இவ்விரு படிகளையும் களஆய்வால் சோதித்தறிவது தமிழ்நாட்டு நீரிழிவியலின் உடனடித் தேவையாகும்.